வருமானச் சான்றில் 84,000: தனித்து வளர்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் குழந்தைகள் நலனைக் கவனிக்கும் துறையின் செயலாளர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனுக்கு, ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு கேட்டு அவன் அம்மா போட்ட மனு திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரிதான். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.84,000, கிராமப்புறத்துக்கான உச்சவரம்பு ரூ.72,000. அதோடு கோப்பை மூடிவிட்டார்கள்.

அந்த 84,000 எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் வருமானச் சான்று வாங்கிய எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான். எங்கள் பக்கத்துச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 72,000, 84,000, 96,000. எல்லாம் பன்னிரண்டின் மடங்கு. நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவளிடம் சம்பளச் சீட்டு ஏது? "மாசம் எவ்வளவும்மா வரும்?" என்று கேட்பார்கள். அவள் நல்லபடியாக வேலை கிடைத்த மாதத்தை நினைத்துக்கொண்டு "ஒரு ஏழாயிரம் வரும் சார்" என்பாள். ஏழாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிடுவார்கள். அடைமழையில் வேலை நின்று போகிற வாரங்களோ, கோடையில் காடு காய்ந்து கிடக்கிற மாதங்களோ அந்தக் கணக்கில் வராது. ஆறாயிரம் என்று சொல்லியிருந்தால் சான்றில் 72,000 வந்திருக்கும், அந்தப் பையனுக்கு மாதம் 4,000 ரூபாய்க்கு வழி இருந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஆறாயிரம் என்றுதான் சொல்கிறார்கள். இவளுக்கு அது தெரியவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர். வட மாவட்டம் ஒன்றில் இருக்கிறேன். எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை, எழுதினால் நாளைக்கே எங்கள் விஏஓ தலைதான் உருளும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருப்பது நீங்கள் கொடுத்த அளவுகோல். நானும் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள்தான். சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோது வேலைக்கென்று திருப்பூருக்குப் போன என் வீட்டுக்காரர் அப்புறம் திரும்பவில்லை. ஆகையால் இந்த மடலில் இருப்பது கேள்விப்பட்டது மட்டும் இல்லை.

உங்கள் துறைத் திட்டங்களையும் அரசின் மற்ற உதவிகளையும் ஒன்றாக வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைக்கு என்ன குறை என்பது கடைசியில்தான் வருகிறது. அப்பா எப்படிப் போனார் என்பதுதான் முதல் கேள்வி.

2021-இல் கொரோனாவில் தாய் தந்தையரில் ஒருவர் இறந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ரூ.3 லட்சம் கிடைத்தது. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கிற பிள்ளையின் சம்பாதிக்கும் தகப்பன் விபத்தில் இறந்தால் ரூ.75,000 உண்டு. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் குடித்து இறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அரசு உதவி அறிவித்தது. இவை எதையும் நான் குறை சொல்லவில்லை, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஊரில் அரசாங்கக் கடையிலேயே வாங்கிக் குடித்து, பத்து வருடத்தில் ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை முற்றிச் செத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியல்களில் இடம் இல்லை. மெதுவாகச் செத்தால் அது செய்தியாவதில்லை, உதவியும் வருவதில்லை.

கணவர் செத்துப்போன வீட்டிலாவது கையில் ஓர் இறப்புச் சான்றிதழ் இருக்கும். விட்டுவிட்டுப் போனவருக்கு என்ன சான்று காட்டுவது? கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். அதற்கு அவள் முப்பது வயதைத் தாண்டியிருக்க வேண்டும், கணவர் போய் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று வாங்கி வர வேண்டும். எங்கள் பக்கம் பத்தொன்பது, இருபதில் கல்யாணம் முடிந்துவிடும். இருபத்து நாலு வயதில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்கிற பெண்ணுக்கு, உதவி தேவைப்படுகிற வருடங்கள் எல்லாம் போன பிறகுதான் தகுதி வருகிறது. அப்படியே வந்தாலும் அது தாய்க்கான பணம். பிள்ளை ஒன்றா மூன்றா என்று அதில் யாரும் கேட்பதில்லை.

"ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போடலாமே?" என்று ஓர் அலுவலகத்தில் என்னிடமே கேட்டார்கள். போட்டேன். இலவச சட்ட உதவியில் வக்கீல் கிடைத்தார், நல்ல மனிதர். உத்தரவும் கிடைத்தது. ஆனால் ஆள் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று தெரிந்தால்தானே வசூலிக்க முடியும்? அந்த உத்தரவு இன்னும் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அன்புக் கரங்கள் திட்டத்தை 2025 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கினார்கள். மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. டீக்கடையில் செய்தியைப் படித்துச் சொன்னவர் "உங்களுக்குத்தான் இது" என்றார். விதிகளைப் படித்தேன். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகள், சரி. ஒருவர் இறந்திருந்தால், மிச்சமிருக்கிறவர் பிள்ளையைக் கைவிட்டிருக்க வேண்டும், அல்லது உடல் மன பாதிப்போடு முடங்கியிருக்க வேண்டும், அல்லது சிறையில் இருக்க வேண்டும், அல்லது உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பணத்துக்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் கைகால் நன்றாக இருந்து, பிள்ளையை விட்டு ஓடாமல், விடிகாலையில் சோறு ஆக்கி வைத்துவிட்டுக் களைக்குப் போகிற தாயின் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அவள் படுத்த படுக்கையான பிறகுதான் அவள் பிள்ளை உங்கள் கண்ணுக்குத் தெரியும் என்றால், அதுவரை அவள் இழுத்துக்கொண்டு ஓடுகிற ஓட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது?

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். மதிய உணவு இல்லாவிட்டால் என் பிள்ளைகள் பள்ளிக்கே போயிருக்க மாட்டார்கள். புத்தகம், சீருடை, காலை உணவு எல்லாம் எங்களுக்குப் பெரிய தாங்கல். ஆனாலும் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மனு திரும்பி வந்த பையன் இந்த வருடம்தான் ஆறாம் வகுப்புக்கு வந்தான். தங்கச்சி மூன்றாம் வகுப்பு. காலையில் அவள் சாப்பிடுகிற நேரத்தில் இவன் சத்துணவுக் கூடத்துச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருப்பான். சமைக்கிற அக்கா சில நாள் கூப்பிட்டு மிச்சத்தைப் போடுவார். மேலிடத்துக்குத் தெரிந்தால் அவருக்கு வில்லங்கம்.

தனியாக வளர்க்கிற வீட்டில் பணத்தட்டுப்பாடு எவ்வளவோ அவ்வளவு ஆள்தட்டுப்பாடும் உண்டு. இதை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியாது என்றுதான் நீட்டிச் சொல்கிறேன். இரண்டு பேர் இருக்கிற ஏழை வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவார், இன்னொருவர் கூலிக்குப் போவார். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. மூன்று நாள் காய்ச்சல் என்றால் மேஸ்திரி அந்த இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துவிடுவார். அதனால் பெரிய பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தி, சின்னப் பிள்ளைக்குக் காவல் வைக்கிறோம். பதிவேட்டில் பெரியவளுக்கு 'வரவில்லை' என்று விழும். ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடம் கிடையாது.

பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் இன்னும் கஷ்டம். சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் வீட்டுக்கு வருகிறாள், அம்மா வரும்போது ஏழு. அந்த இரண்டரை மணி நேரத்துக்குப் பயந்து சொந்தத்தில் கட்டிக்கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். மில்லுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கரும் ஊருக்குள் வந்தால் முதலில் விசாரிப்பது அப்பா இல்லாத வீடுகளைத்தான். தங்க இடம், சாப்பாடு, கையில் முன்பணம். வேண்டாம் என்று சொல்ல அந்தத் தாய்க்குத் தெம்பு வேண்டுமே.

பையன்கள் விஷயத்தில் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுங்கள். பக்கத்தில் நாள்காட்டியை வைத்துக்கொண்டு முகூர்த்த நாட்களை மட்டும் பாருங்கள். யார் யார் வரவில்லை என்று ஒரு பட்டியல் கிடைக்கும். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறவும் பாத்திரம் கழுவவும் போயிருப்பார்கள். கைச்செலவுக்குக் காசும் வீட்டுக்கு ஒரு பொட்டலம் சாப்பாடும் கிடைக்கும். எங்கள் தலைமை ஆசிரியர் அந்தப் பட்டியலை ஒரு நாள் எனக்குக் காட்டினார். அதில் பாதிக்கு மேல் தனியாக வளர்க்கிற வீட்டுப் பையன்கள். அடுத்த வருடம் சிலர் டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு, சிலர் செங்கல் சூளைக்கு. அதற்கு அப்புறம் பதிவேட்டில் பெயரே இருக்காது.

மாதம் நாலாயிரம் ரூபாய் இந்த இடத்தில் என்ன செய்யும் என்றால், அம்மாவை மாதத்தில் சில நாள் கூலிக்குப் போகாமல் வீட்டில் இருக்க விடும். அவ்வளவுதான். அந்தச் சில நாளில்தான் எங்கள் பிள்ளைகளின் படிப்பு தப்பிக்கிறது, இல்லை போகிறது.

இனி அந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கிற வழி. குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. கட்டணமில்லாப் பேருந்து நகரப் பேருந்துக்குத்தான், மாவட்டத் தலைநகருக்குப் போகும் வண்டியில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஒரு நாள் கூலியும் போய்விடும். பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் இ-சேவை மையத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். ஓடிப்போன கணவரின் பெயர் குடும்ப அட்டையில் இருந்தால், "அவர் வருமானத்தையும் சேர்க்கணுமே" என்பார்கள். இருக்கிற இடமே தெரியாத மனிதரின் வருமானம்! என் விஷயத்தில் அப்படித்தான் சேர்த்தார்கள். எல்லாம் சரியாக முடித்துக் கொடுத்த இன்னொரு பெண்ணுக்கு, இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். எத்தனை பேருக்கு ஒதுக்கீடு, இவள் எத்தனையாவது ஆள், அடுத்த ஆண்டு புதிதாக மனுப் போட வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய்க்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு உதவி என்று வந்தால் மட்டும் கிராமத்துக்கு 72,000, நகரத்துக்கு 96,000. கிராமத்தில் இருப்பவருக்குச் செலவு குறைவு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அரிசி விலையோ எண்ணெய் விலையோ எங்கள் ஊர் எல்லைக்குள் வந்ததும் குறைவதில்லை. பஸ் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் எங்களுக்குத்தான் கூடுதல்.

வருமான வரம்பும் தகுதியும் ஒன்றிய அரசின் விதி, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் சொல்லலாம். 2022-இல் வந்த வாத்சல்யா வழிகாட்டுதல் டெல்லியில் எழுதியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பணத்தில் நூற்றுக்கு நாற்பது மாநிலம் போடுவது. தவிர, டெல்லி செய்யட்டும் என்று தமிழ்நாடு எப்போது காத்திருந்தது? 1956-இல் மதிய உணவைத் தொடங்கியபோது காத்திருந்ததா, 2022-இல் காலை உணவைத் தொடங்கியபோது காத்திருந்ததா? ராஜஸ்தானில் பிள்ளை வளர்ப்புக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிற பாலன்ஹார் என்ற திட்டத்தை 2005-இலேயே தொடங்கினார்கள். விதவைத் தாயின் பிள்ளை, கணவர் கைவிட்ட தாயின் பிள்ளை எல்லாம் அதற்குள் வருகிறார்கள். நம்மைவிட வசதி குறைந்த மாநிலம் செய்ய முடிந்ததை நாம் செய்ய முடியாது என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நான் கேட்பவை இவைதான்.

திரும்பி வந்த அந்த மனுவை மறுவிசாரணைக்கு எடுங்கள். மனு எண்ணும் விவரமும் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். நேரில் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். வருமானச் சான்றில் இருக்கிற ஓர் எண்ணை மட்டும் வைத்து எந்தக் குழந்தையின் மனுவையும் தள்ளக்கூடாது என்று எல்லா மாவட்டங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். கிராமத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்ற வித்தியாசத்தை நீக்க ஒன்றிய அரசுக்கு எழுதுங்கள். அவர்கள் மாற்றும்வரை, வரம்பைத் தாண்டிவிட்டார்கள் என்று விடுபடுகிற பிள்ளைகளை மாநிலப் பணத்தில் சேருங்கள். உரிமைத்தொகைக்கு வைத்த இரண்டரை லட்சத்தையே இதற்கும் வையுங்கள்.

அன்புக் கரங்கள் திட்டத்தில், மிச்சமிருக்கிற பெற்றோர் முடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். வறுமையில் இருக்கிற, ஒரே ஆள் வளர்க்கிற பிள்ளை என்பதே போதும். இறந்தாரா, ஓடினாரா, எப்படி இறந்தார் என்பது தகுதியைத் தீர்மானிக்கக்கூடாது. இதில் ஆண்களையும் மறந்துவிடாதீர்கள். நிதி ஆதரவு விதியில் விதவைத் தாய், விவாகரத்தான தாய், கைவிடப்பட்ட தாய் என்று எழுதியிருக்கிறது. பெண்டாட்டி செத்து, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு மரம் அறுக்கிற வேலைக்குப் போகிற தகப்பன் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவரைப் போன்றவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கணவர் விட்டுப்போன வீட்டுக்கு ஐந்து வருடமும் வேண்டாம், நீதிமன்றத் தாளும் வேண்டாம். தலைமை ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், ஊராட்சித் தலைவர் மூவரும் கையெழுத்துப் போட்டால் பிள்ளைக்கான உதவிக்கு அதுவே சான்று என்று ஆணை போடுங்கள். ஊருக்கே தெரிந்ததைத் தாலுகா ஆபீஸ் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அது கூடியதாக யாருக்கும் நினைவில்லை. அதைக் கூட்டச் சொல்லி, இந்த வேலையை அதற்குக் கொடுங்கள்.

மனுவைப் பள்ளியிலேயே வாங்குங்கள். கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப்பெண் உதவிக்குக் கல்லூரி வழியாகத்தானே விண்ணப்பிக்கிறார்கள்? மாணவர் விவரமெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் இருக்கிறது. ஒற்றைப் பெற்றோர் வளர்க்கிற பிள்ளைகள் யார் யார் என்று தலைமை ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார். ஆவணத்தில் குறை இருந்தால் மாதம் ஒரு நாள் உங்கள் பணியாளர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து பார்க்கட்டும், நாங்கள் அங்கே வருகிறோம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு, எத்தனை பேருக்குக் கொடுத்தாயிற்று, எத்தனை மனு காத்திருக்கிறது என்று பிள்ளைகளின் பெயரைப் போடாமல் எண்ணிக்கையை மட்டும் ஒன்றிய அலுவலகத்திலும் பள்ளிகளிலும் ஒட்டுங்கள். தள்ளுகிற மனுவுக்குக் காரணத்தையும், மேல்முறையீடு யாரிடம் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். இந்த மடலுக்கும் அப்படியே எழுத்தில் பதில் வேண்டும். எது ஆகும், எது ஆகாது, ஆகாதது ஏன் ஆகாது என்று தனித்தனியாக எழுதுங்கள். வந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிப்போம்.

இப்படிக்கு,
ஒரு தாய், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்